தனுஷ்கோடி ரயில் நிலையம்: எதற்காக எழுந்தது, ஏன் திரும்ப எழவில்லை

2025 ஏப்ரல் 6 அன்று பாம்பனில் புதிய ரயில் பாலம் திறக்கப்பட்டது முதல், ‘இனி தனுஷ்கோடிக்கும் ரயில் போகுமா?’ என்ற கேள்வி மறுபடியும் பரவலாகக் கேட்கப்படுகிறது. இதற்கு ஒரு முன்கதை உண்டு. 2019 மார்ச் 1 அன்று கன்னியாகுமரியில் நடந்த விழாவில், பாம்பன் புதிய பாலத்துக்கு மட்டுமல்லாமல், ராமேஸ்வரத்திலிருந்து தனுஷ்கோடிக்குச் சுமார் 17 கிலோமீட்டர் ரயில் பாதை அமைக்கும் திட்டத்துக்கும் பிரதமர் அடிக்கல் நாட்டினார். பாலம் முடிந்து ரயில்கள் ஓடுகின்றன. தனுஷ்கோடிப் பாதை தொடங்கவே இல்லை. 1964 புயலில் அழிந்த பாதையை ‘மீட்டமைக்கும்’ திட்டம் என்றே அது அறிவிக்கப்பட்டது. குழப்பம் பெரும்பாலும் இந்த ‘மீட்டமைத்தல்’ என்ற சொல்லிலிருந்துதான் பிறக்கிறது.

இந்தச் சொல்லைக் கேட்பவர் இயல்பாகவே மூன்று விஷயங்களை நம்பிவிடுகிறார்.

1. பழைய பாதையும் ராமேஸ்வரத்திலிருந்துதான் தனுஷ்கோடிக்குப் போனது.
2. புயல் அழித்ததுதான் நிலையம் இல்லாமல் போனதற்கு முழுக் காரணம்.
3. தண்டவாளத்தைப் போட்டு நிலையத்தைக் கட்டிவிட்டால் பழையது திரும்பிவிடும்.

முதலாவது தவறு. இரண்டாவது பாதி உண்மை. மூன்றாவதை முடிவு செய்ய வேண்டுமானால், அந்த நிலையம் எதற்காகக் கட்டப்பட்டது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

இரு கடலுக்கு நடுவே ஒரு மணல் நாக்கு

பாம்பன் தீவின் தென்கிழக்கு முனை, அகலம் குறைந்த நீண்ட மணல் திட்டாகக் கடலுக்குள் நீண்டு கிடக்கிறது. அதன் வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. வடக்கிலிருப்பதைப் பெண்கடல் என்றும் தெற்கிலிருப்பதை ஆண்கடல் என்றும் அப்பகுதி மீனவர்கள் சொல்வது வழக்கம். பாக் விரிகுடா ஆழம் குறைந்தது. பெரும்பாலான மாதங்களில் அமைதியானது. மன்னார் வளைகுடா ஆழமானது. அலை ஓங்கி அடிப்பது. ஆனாலும் இந்தப் பெயர்களை ஆண்டு முழுவதற்குமான உறுதிமொழியாகக் கொள்ளக் கூடாது. தென்மேற்குப் பருவக்காற்றில் தெற்குக் கடல் கொந்தளிக்கும். வடகிழக்குப் பருவக்காற்று தொடங்கியதும் வடக்குக் கடல் தன் அமைதியை இழந்துவிடும்.

மணல் நாக்கின் நுனிதான் அரிச்சல்முனை. அங்கிருந்து இலங்கையின் மன்னார்த் தீவிலுள்ள தலைமன்னாரை நோக்கி, ஆதாம் பாலம் அல்லது ராமர் சேது எனப்படும் மணல்மேடுகள் வரிசையாகச் செல்கின்றன. இரு முனைகளுக்கும் இடைப்பட்ட தூரம் ஏறத்தாழ 29 கிலோமீட்டர். ‘தனுஷ்கோடி’ என்றால் வில்லின் முனை. சேதுவில் நீராடுவது காசி–ராமேஸ்வர யாத்திரையின் ஓர் அங்கம் என்பதால், ரயில் வருவதற்கு நெடுங்காலம் முன்பே யாத்ரீகர்கள் இங்கே மணலில் நடந்தும் தோணியேறியும் வந்துகொண்டிருந்தார்கள். வழியிலுள்ள முகுந்தராயர் சத்திரம் போன்ற ஊர்ப்பெயர்கள் அந்தப் பழைய வழியை இன்றும் நினைவூட்டுகின்றன.

ஆனால் ரயில் நிலையம் இங்கே வந்ததற்கு யாத்திரை காரணமாக இருக்கவில்லை. இந்தியாவிலிருந்து இலங்கைக்கு மிகக் குறுகிய கடல்வழி இந்த இடத்தில்தான் இருந்தது. அதுவே காரணம்.

தூத்துக்குடியிலிருந்து தனுஷ்கோடிக்கு நகர்ந்த வழி

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் மெட்ராஸிலிருந்து கொழும்புக்குப் போக விரும்பியவர் தூத்துக்குடி வரை ரயிலில் வந்து, அங்கிருந்து நீராவிக் கப்பல் ஏறினார். 1876-இல் தூத்துக்குடிக்கு ரயில் பாதை வந்துவிட்டிருந்தது. கப்பலுக்கு இணைப்புக் கொடுக்கும் ரயில் என்பதால் ‘போட் மெயில்’ என்ற பெயர் முதலில் இந்தத் தூத்துக்குடி வண்டிக்குத்தான் ஏற்பட்டது. 1906-இல் வ.உ.சிதம்பரனார் தொடங்கிய சுதேசிக் கப்பல் நிறுவனம் பிரிட்டிஷ் நிறுவனத்தை எதிர்த்துக் கப்பல் விட்டதும் இதே தூத்துக்குடி–கொழும்பு வழியில்தான். அவ்வளவு வருமானம் உள்ள தடம் அது.

அந்த வழியின் குறை, கடற்பயணம் நீளமானது என்பது. ராமேஸ்வரம் பக்கமாகப் போனால் கடலில் கடக்க வேண்டிய தூரம் மிகச் சிறியதாகிவிடும். தென்னிந்திய ரயில்வே நிறுவனம் 1902-இல் மதுரையிலிருந்து மண்டபம் வரை பாதையை நீட்டியது. மண்டபத்துக்கும் பாம்பன் தீவுக்கும் இடையே உள்ள கால்வாயைத் தாண்டுவது அடுத்த வேலை. 1911-இல் தொடங்கிய பாம்பன் பாலம் 1914 பிப்ரவரி 24 அன்று திறக்கப்பட்டது. இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான நீளம் கொண்ட அந்தப் பாலத்தின் நடுவே, கப்பல்கள் போவதற்காக இரு பக்கமும் விரிந்து எழும் ஒரு தூக்குப் பகுதி இருந்தது. அதை வடிவமைத்த ஷெர்சர் என்பவரின் பெயராலேயே அது அழைக்கப்பட்டது.

பாலத்தைத் தாண்டியதும் தீவில் பாதை எந்தப் பக்கம் போயிற்று என்பதைக் கவனிக்க வேண்டும். பாம்பன் அக்காலத்தில் ஒரு சந்திப்பு நிலையம். அதாவது இரண்டு பாதைகள் பிரியும் இடம். ஒரு பாதை சுமார் 10 கிலோமீட்டர் ஓடி ராமேஸ்வரத்தில் முடிந்தது. மற்றொரு பாதை சுமார் 24 கிலோமீட்டர் ஓடித் தனுஷ்கோடியில் முடிந்தது. தனுஷ்கோடிப் பாதை ராமேஸ்வரம் நிலையத்தின் நீட்சியாக இருக்கவில்லை. பாம்பனிலிருந்தே தனியாகப் பிரிந்து சென்றது. போட் மெயில் ஓடியது இந்தத் தனுஷ்கோடிப் பாதையில். ஆகவே நாடெங்கும் பேர்பெற்ற கோயில் நகரம் ஒரு சிறு கிளையின் முடிவிலும், மணலில் நின்ற ஒரு சிற்றூர் பெயர்பெற்ற விரைவு வண்டியின் முடிவிலும் இருந்தன. ரயில்வேயின் கணக்கில் எது முதன்மை என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

ஒரே சீட்டில் எழும்பூர் முதல் கொழும்பு வரை

‘முனைய நிலையம்’ என்றால் பாதை முடியும் இடம். தனுஷ்கோடி தண்டவாளத்துக்கு முனையம். பயணத்துக்கு முனையம் இல்லை. எழும்பூரில் கொழும்புக்கென ஒரே சீட்டு வாங்கிய பயணி, மீட்டர் கேஜ் (தண்டவாள இடைவெளி ஒரு மீட்டர்) வண்டியில் இங்கே வந்து இறங்கி, இறங்குதுறையில் நின்ற கப்பலில் ஏறி, ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் தலைமன்னாரை அடைந்து, அங்கே காத்திருந்த இலங்கை ரயிலில் கொழும்புக்குப் போனார். 1913-இல் கட்டப்பட்ட கர்சன், எல்ஜின், ஹார்டிஞ் ஆகிய கப்பல்கள் இந்தத் தடத்துக்காகவே ரயில்வே நிறுவனம் வாங்கியவை. பின்னாளில் இர்வின், கோஷன் ஆகியவை அந்த இடத்துக்கு வந்தன. முதல் நான்கும் வைஸ்ராய்களின் பெயர்கள். கோஷன் மட்டும் மெட்ராஸ் ஆளுநரின் பெயர்.

மணல்மேடுகளின் மீதே தண்டவாளம் போட்டு இரு நாடுகளையும் நேரடியாக இணைக்கலாம் என்ற யோசனையும் அக்காலத்தில் ஆராயப்பட்டது. அது நிறைவேறவில்லை, ரயில்–கப்பல்–ரயில் என்ற சங்கிலியே நிலைத்தது. அந்தச் சங்கிலியின் ஒரு கண்ணி என்பதே தனுஷ்கோடி நிலையத்தின் முழு இயல்பு. அங்கே நீராவி எஞ்சினுக்குத் தண்ணீர்த் தொட்டி வேண்டியிருந்தது. எல்லையைக் கடக்கும் பயணிகளையும் பொருள்களையும் சோதிக்கச் சுங்க அலுவலகம் வேண்டியிருந்தது. அங்கே வேலை பார்த்தவர்களுக்காகக் குடியிருப்பு, அஞ்சலகம், மருத்துவமனை, பள்ளி எல்லாம் வந்தன. மீனவர்கள் முன்பிருந்தே அங்கு இருந்தார்கள். ஆனால் ஊர் என்று நாம் இன்று இடிபாடுகளில் காணும் வடிவம் ரயிலும் கப்பலும் கொடுத்தது. பொதுவாக ஓர் ஊர் இருக்கும், அதற்கு நிலையம் வரும். இங்கே நிலையம் வந்தது, அதைச் சுற்றி ஊர் வளர்ந்தது. பின்னால் நடந்ததைப் புரிந்துகொள்ள இந்த ஒரு வேறுபாடு மிக அவசியம்.

அந்த நடைமேடையில் இறங்கியவர்கள்

போட் மெயிலைப் பற்றி இன்று எழுதப்படுபவற்றில் வெள்ளைக்கார அதிகாரிகளும் வசதியான வணிகர்களும் முதல் வகுப்புச் சொகுசுமே அதிகம் இடம்பெறுகின்றன. எண்ணிக்கையில் மிகுந்து இந்த வழியே போனவர்கள் வேறு மக்கள். திருச்சி, புதுக்கோட்டை, ராமநாதபுரம், சேலம் போன்ற பகுதிகளிலிருந்து கங்காணிகளால் திரட்டப்பட்டு இலங்கைத் தேயிலை, ரப்பர்த் தோட்டங்களுக்குப் போன தொழிலாளர் குடும்பங்களே அவர்கள். முந்தைய தலைமுறைகள் மன்னாரில் இறங்கிக் காட்டு வழியாக மலைநாட்டுக்கு நடந்து, வழியிலேயே நோயிலும் பசியிலும் பெருந்தொகையாக இறந்தன. ரயிலும் கப்பலும் சேர்ந்த வழி அந்த நடைபயணத்துக்கு முடிவு கட்டியது.

ஆனால் அவர்கள் நேராகத் தனுஷ்கோடிக்குப் போய்க் கப்பல் ஏற முடியவில்லை. மண்டபத்தில் இலங்கை அரசு நடத்திய முகாமில் அவர்கள் இறக்கப்பட்டு, தொற்றுநோய்த் தடுப்புக்காகச் சில நாள்கள் தங்கவைக்கப்பட்டு, மருத்துவச் சோதனை முடிந்த பிறகே கப்பலுக்கு அனுப்பப்பட்டார்கள். மண்டபம் கேம்ப் என்ற ஊர்ப்பெயரும் ரயில் நிலையப் பெயரும் அந்த முகாமிலிருந்து வந்தவை. பின்னாளில் தாயகம் திரும்பியவர்களும், அதற்கும் பிறகு போரிலிருந்து தப்பி வந்த ஈழத்தமிழ் அகதிகளும் அதே இடத்தில்தான் தங்கவைக்கப்பட்டார்கள். தனுஷ்கோடி நிலையத்தின் வரலாற்றை எழுதுபவர் மண்டபம் முகாமை விட்டுவிட்டால், அந்த நிலையத்தின் பெரும்பகுதிப் பயணிகளையே விட்டுவிட்டார் என்றுதான் சொல்ல வேண்டும்.

இந்தப் போக்குவரத்து புயலுக்கு முன்பே மெலியத் தொடங்கிவிட்டது. அதன் படிகள் இவை:

1. 1939 ஆகஸ்ட் 1 முதல், உடலுழைப்புத் தொழிலாளர்கள் இலங்கைக்குக் குடிபெயர்வதை இந்திய அரசு தடை செய்தது. இலங்கையில் இந்திய ஊழியர்களை வேலையிலிருந்து நீக்கும் நடவடிக்கைக்கு அது பதில்.
2. இரண்டாம் உலகப் போர் இந்தத் தடத்தைப் பல வகையில் பாதித்தது. ராமேஸ்வரத்தில் வண்டி நிற்பது நிறுத்தப்பட்டதால், செய்தித்தாள் கட்டுகள் ராமேஸ்வரத்துக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே ஓடும் ரயிலிலிருந்து வீசப்பட்டன என்பதையும், அவற்றைச் சேகரிக்கும் வேலைதான் தமக்கு முதல் சம்பாத்தியத்தைத் தந்தது என்பதையும் அப்துல் கலாம் தம் தன்வரலாற்றில் பதிவு செய்திருக்கிறார்.
3. 1948-இல் இலங்கை சுதந்திரம் அடைந்ததும் வந்த குடியுரிமைச் சட்டம், இந்தத் தோட்டத் தொழிலாளர்களும் அவர்களின் வழிவந்தவர்களுமான மலையகத் தமிழர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. அதே ஆண்டு இயற்றப்பட்ட குடிவரவுச் சட்டத்தால் இரு நாடுகளுக்கிடையே கடவுச்சீட்டும் விசாவும் கட்டாயமாயின. ஒரே சாம்ராஜ்யத்துக்குள் இருந்த ஒரு மாறுமிடம், இரண்டு நாடுகளின் எல்லைச் சாவடியாக மாறியது.

நான்காவதை இந்தப் பட்டியலில் சேர்க்காமல் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. 1964 அக்டோபர் 30 அன்று இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். 5,25,000 மலையகத் தமிழர்களை இந்தியா ஏற்றுக்கொள்ளும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தரும், மீதமுள்ள 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் முடிவு செய்யப்படும் என்பது அதன் சாரம். பிறந்த மண்ணை விட்டு அனுப்பப்பட இருந்த ஐந்தே கால் லட்சம் பேரும் வந்து இறங்க வேண்டிய இயல்பான வாசல் தனுஷ்கோடி. ஒப்பந்தம் கையெழுத்தாகி எட்டு வாரங்கள் முடிவதற்குள் அந்த வாசல் கடலுக்குள் போயிற்று. தாயகம் திரும்பியோர் கடைசியில் வந்து இறங்கியது ராமேஸ்வரத்தில்.

1964 டிசம்பர் 22 இரவு

அந்த ஆண்டு டிசம்பர் மூன்றாம் வாரத்தில் தெற்கு அந்தமான் கடல் பகுதியில் உருவான தாழ்வு மண்டலம் தீவிரப் புயலாக வலுப்பெற்று, 22-ஆம் தேதி இலங்கையின் வவுனியாப் பகுதியைக் கடந்தது. காற்றின் வேகம் மணிக்கு 280 கிலோமீட்டர் அளவுக்கு இருந்ததாக மதிப்பிடப்பட்டது. அங்கிருந்து அது பாக் நீரிணைக்குள் இறங்கி, 22-ஆம் தேதி நள்ளிரவை ஒட்டித் தனுஷ்கோடியைத் தாக்கியது.

தனுஷ்கோடியை அழித்தது எது என்று கேட்டால் பலரும் ‘காற்று’ என்றோ ‘ராட்சத அலை’ என்றோ சொல்கிறார்கள். சரியான சொல் கடல் ஏற்றம். புயல் காரணமாகக் கடல்மட்டமே மொத்தமாக உயர்ந்து நிலத்துக்குள் புகுவதை அது குறிக்கும். அலைகள் அந்த உயர்ந்த மட்டத்தின் மேல் தனியாக அடிக்கும். இது ஏற்படும் முறையை மூன்று நிலைகளில் விளக்கலாம்.

முதலாவது, காற்றழுத்தம். புயலின் மையத்தில் காற்றழுத்தம் ஒரு ஹெக்டோபாஸ்கல் குறைந்தால் கடல்மட்டம் சுமார் ஒரு சென்டிமீட்டர் உயரும். எவ்வளவு கடுமையான புயலானாலும் இதனால் வரும் உயர்வு ஒரு மீட்டர் அளவிலேயே நின்றுவிடும். இரண்டாவது, காற்றின் தள்ளுவிசை. உண்மையான ஆபத்து இங்கேதான் இருக்கிறது. கரையை நோக்கித் தள்ளப்படும் நீர், ஆழமான கடலாக இருந்தால் அடியில் திரும்பிப் போய்விடும். பாக் விரிகுடாவைப் போல ஆழமில்லாத கடலில் திரும்பிப் போக இடம் இல்லாததால் நீர் கரையோரம் குவிந்து உயர்கிறது. மூன்றாவது, இடத்தின் வடிவம். நம் அரைக்கோளத்தில் புயலின் காற்று இடஞ்சுழியாகச் சுழல்வதால், கிழக்கிலிருந்து ஒரு புயல் நெருங்கும்போது அதன் முன்பகுதியில் வடக்கிலிருந்து காற்று வீசும். மையம் கடந்த பிறகு தெற்கிலிருந்து வீசும். இருபுறமும் கடலைக் கொண்ட, உயரம் அதிகமில்லாத ஒரு மணல் திட்டுக்கு இதைவிட மோசமான நிலைமை இருக்க முடியாது. அன்று எழுந்த கடல் ஏற்றம் 7 மீட்டர் வரை இருந்ததாகக் கூறப்படுகிறது. அந்த மணல் நாக்கில் அவ்வளவு நீருக்குத் தப்பி ஏற ஒரு மேடுகூட இல்லை.

பாம்பனிலிருந்து இரவு 11.55-க்குப் புறப்பட்ட 653-ஆம் எண் பயணிகள் ரயில் அந்த நேரத்தில் தனுஷ்கோடியை நெருங்கிக்கொண்டிருந்தது. நிலையத்துக்கு அருகே சிக்னல் செயலிழந்து, எந்தக் குறிப்பும் கிடைக்காத நிலையில் ஓட்டுநர் நீண்ட விசில் கொடுத்துவிட்டு இருட்டுக்குள் வண்டியை நகர்த்தினார் என்று சொல்லப்படுகிறது. நிலையத்துக்குச் சில நூறு கெஜ தூரத்தில் ரயில் முழுவதையும் கடல் மூடியது. 110 பயணிகளும் 5 ரயில்வே ஊழியர்களும் அதில் இருந்ததாகக் கணக்கு, ஒருவரும் பிழைக்கவில்லை. சீட்டு வாங்காமல் ஏறியவர்களையும் சேர்த்தால் எண்ணிக்கை இன்னும் கூடும் என்ற கருத்து அன்றே இருந்தது. புயலில் இலங்கையிலும் இந்தியாவிலும் இறந்தவர்கள் சுமார் 1,800 பேர் என்று மதிப்பிடப்படுகிறது. ரயிலின் துயரம் அதிகம் பேசப்பட்டதால், தனுஷ்கோடியின் குடிசைகளிலும் வீடுகளிலும் உறங்கிக்கொண்டிருந்தவர்களின் சாவு வரலாற்றில் ஓரமாக ஒதுங்கிவிட்டது. அவர்களையும் சேர்த்துத்தான் அந்த இரவை நினைக்க வேண்டும்.

பாலம் எழுந்தது, நிலையம் எழவில்லை

இரண்டாவது நம்பிக்கையை இங்கே பரிசோதிக்கலாம். அதே புயல் பாம்பன் பாலத்தின் பெரும்பாலான இரும்புக் கர்டர்களையும் பிய்த்துக் கடலில் போட்டது. நடுவிலிருந்த தூக்குப் பகுதி தப்பியது. பாலத்தைச் சீராக்க ஆறு மாதம் ஆகும் என ரயில்வே கணக்கிட்டது. உயரதிகாரி அதை மூன்று மாதமாகக் குறைத்தார். பொறுப்பை ஏற்ற இளம் பொறியாளர் இ.ஸ்ரீதரன், மீனவர்களின் உதவியுடன் கடலடியில் கிடந்த கர்டர்களைத் தேடி மீட்டு, 46 நாள்களில் வேலையை முடித்தார். பின்னாளில் கொங்கண் ரயில்வேக்கும் டெல்லி மெட்ரோவுக்கும் தலைமை வகித்தவர் இவர்தான்.

கடலுக்கு நடுவே இரண்டு கிலோமீட்டர் பாலத்தை 46 நாள்களில் நிறுத்த முடிந்தவர்களுக்கு, மணலில் தண்டவாளம் போட்டு ஒரு நிலையத்தைக் கட்டுவது இயலாத காரியம் அல்ல. அப்படியானால் ஏன் செய்யவில்லை? அரசு தனுஷ்கோடியை மக்கள் வாழத் தகுதியற்ற இடமாக அறிவித்தது என்பது வழக்கமான பதில். அது உண்மை, ஆனால் போதுமான விளக்கம் ஆகாது. என் மதிப்பீட்டில், தீர்மானகரமான காரணம் வேறு.

பாம்பன் பாலத்துக்கு மாற்று இல்லை. அது இல்லாவிட்டால் தீவு முழுவதற்கும், ராமேஸ்வரம் கோயிலுக்கும் நிலவழித் தொடர்பே இல்லை. சாலைப் பாலம் 1988-இல்தான் வந்தது. தனுஷ்கோடி நிலையத்துக்கு மாற்று இருந்தது. அதன் ஒரே பெரிய வேலை ரயிலிலிருந்து கப்பலுக்குப் பயணிகளை மாற்றுவது. கப்பலை ராமேஸ்வரத்துக்குக் கொண்டுவந்துவிட்டால் அந்த வேலை அங்கேயே நடந்துவிடும். கடல் தூரம் சற்றுக் கூடும், அவ்வளவே. நடந்ததும் அதுதான். சில காலத்துக்குப் பின் கப்பல் ராமேஸ்வரத்துக்கும் தலைமன்னாருக்கும் இடையே ஓடத் தொடங்கியது. போட் மெயில் ராமேஸ்வரத்தோடு நின்றது. தனுஷ்கோடிப் பாதை கைவிடப்பட்டது. பாம்பன் சந்திப்பு என்ற தகுதியை இழந்தது. கிளையாக இருந்தது முதன்மைப் பாதை ஆயிற்று. புயல் நிலையத்தை இடித்தது. கப்பலின் இடமாற்றம் அதன் தேவையை முடித்துவைத்தது.

மாறிய கப்பலுக்கும் நீண்ட ஆயுள் இல்லை. ராமானுஜம் என்ற கப்பல் தாயகம் திரும்பியோரைச் சுமந்து ஓடிய அந்தத் தடம், 1983 இனக்கலவரத்தை அடுத்து மூண்ட போரால் 1984-இல் நின்றது. எதிர்க்கரையில் மதவாச்சி–தலைமன்னார் ரயில் பாதை 1990-இல் போரில் அழிந்தது.

இடைப்பட்ட அறுபது ஆண்டுகள்

தனுஷ்கோடியில் மீனவர்கள் மட்டும் மின்சாரமோ குழாய்நீரோ இன்றி ஓலைக் குடிசைகளில் தொடர்ந்து வாழ்ந்தார்கள். நிலையக் கட்டடத்தின் சுவர்கள், தண்ணீர்த் தொட்டியைத் தாங்கிய தூண்கள், தேவாலயத்தின் பவளக்கல் சுவர்கள் ஆகியவை இடிபாடுகளாக நின்றன. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமிக்கு முன் கடல் சுமார் 500 மீட்டர் உள்வாங்கியபோது, மூழ்கிக் கிடந்த ஊரின் பகுதிகள் சிறிது நேரம் வெளித்தெரிந்தன. 2007-இல் மானாமதுரை–ராமேஸ்வரம் பாதையும் பாம்பன் பாலமும் அகலப் பாதையாயின. தண்டவாளங்களுக்கிடையே 1,000 மில்லிமீட்டராக இருந்த இடைவெளி 1,676 மில்லிமீட்டர் ஆனது. பழைய தனுஷ்கோடிப் பாதையில் எது மிஞ்சியிருந்தாலும் அதை இன்றைய ரயிலுக்குப் பயன்படுத்த முடியாது என்பதும் அத்துடன் முடிவாகிவிட்டது.

2017 ஜூலை 27 அன்று முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை 9.5 கிலோமீட்டர் சாலை திறக்கப்பட்டது. அதற்கு முன் மணலில் ஓடக்கூடிய வேன்களில் மட்டுமே போக முடிந்த இடத்துக்கு இப்போது எந்த வண்டியும் போகிறது.

‘மீட்டமைப்பு’ என்ற சொல்லை இன்று எப்படிப் பொருள்கொள்வது

மூன்றாவது நம்பிக்கைக்கு வருவோம். ரயில்வே முன்வைத்த திட்டத்துக்கு, சுற்றுச்சூழலைக் காரணம் காட்டி நிலம் தரத் தமிழக அரசு முன்வராததால் அது நின்றுபோயிருக்கிறது. இந்தத் திட்டத்தை ஆதரிப்பவரும் எதிர்ப்பவரும் எடைபோட வேண்டியவை கீழ்வருவன.

1. இது புதிய பாதை. பழையது பாம்பனிலிருந்து பிரிந்த மீட்டர் கேஜ். முன்மொழியப்பட்டது ராமேஸ்வரத்திலிருந்து நீளும் அகலப் பாதை. எனவே ஏற்கெனவே இருந்ததைத்தானே திரும்பப் போடுகிறோம் என்ற வாதம் நிலம், அனுமதி ஆகிய விஷயங்களில் செல்லாது. எந்தப் புதிய பாதைக்கும் வேண்டிய ஆய்வும் அனுமதியும் இதற்கும் வேண்டும்.

2. நிலத்தின் சட்ட நிலை 1914-இல் இருந்ததுபோல் இல்லை. மணற்குன்றுகளும் கடலாமைகள் முட்டையிடும் கரைகளும் கடலோர ஒழுங்குமுறை விதிகளின்கீழ் மிக உயர்ந்த பாதுகாப்பைப் பெற்றவை. தெற்கே மன்னார் வளைகுடா உயிர்க்கோளக் காப்பகம் 1989 முதல் இருக்கிறது. 2025 ஜூன் மாதம் தனுஷ்கோடியில் 500 ஹெக்டேருக்கு மேற்பட்ட பரப்பைப் பெரிய பூநாரைச் சரணாலயமாகத் தமிழக அரசு அறிவித்தது.

3. மணல் ஓரிடத்தில் நிற்பதில்லை. காற்றுக் காலத்தில் சாலையை மணல் மூடுவதும், கடல் சீறும் நாள்களில் அரிச்சல்முனைச் சாலையின் தடுப்புக் கற்களை அலை பெயர்ப்பதும் அங்கே போய்வருபவர்கள் அறிந்தவை. சாலையில் குவிந்த மணலை அள்ளிவிட்டால் வண்டி போய்விடும். ரயில் பாதைக்குச் சமமட்டமும் நேர்கோடும் இம்மியும் மாறக் கூடாது. ஜல்லிக்குள் மணல் புகுந்தால் அதன் நெகிழ்வும் வடிகாலும் கெடும். மேடான கரை கட்டினால், இரு கடலுக்கும் நடுவே மணலும் நீரும் போய்வரும் வழியை அது மறிக்கும்.

4. பழைய இடிபாடுகள். நிலையத்தின் எஞ்சிய சுவர்கள் ஆண்டுதோறும் உப்புக்காற்றில் உதிர்கின்றன. புதிய நிலையம் வந்தாலும் வராவிட்டாலும் அவற்றைக் காப்பது தனி வேலை. ரயில் திட்டத்துக்காக அது காத்திருக்கக் கூடாது. பழைய நிலையம் நின்ற அதே இடத்தில் புதியதைக் கட்டுவதை நான் ஏற்க மாட்டேன். அது நூற்றுக்கணக்கானோர் இறந்த இடம்.

5. பயன். யாத்ரீகர்களும் சுற்றுலாப் பயணிகளும் ரயிலைப் பயன்படுத்துவார்கள், சாலை நெரிசல் குறையும் என்ற வாதத்தில் உண்மை இருக்கிறது. ஆனால் அவர்களுக்கு அது போய்த் திரும்பும் இடமாக மட்டுமே இருக்கும். பழைய நிலையத்தை வாழவைத்த கப்பல் இன்று அங்கே இல்லை. இந்தியா–இலங்கைப் பயணிகள் கப்பல் 2023 அக்டோபரில் மறுபடி தொடங்கியபோது அது நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே ஓடியது.

ஐந்தாவதை மாற்றக்கூடிய விஷயம் ஒன்றே ஒன்று: இலங்கையோடு மீண்டும் ஏற்படக்கூடிய இணைப்பு. ராமேஸ்வரம்–தலைமன்னார் கப்பலைத் திரும்ப விடுவது பற்றியும், இரு நாடுகளுக்கிடையே நிலவழி இணைப்பு பற்றியும் இரு அரசுகளும் பேசிவருகின்றன. அவற்றில் முதலாவது நடந்தால் ராமேஸ்வரத்துக்குத்தான் வேலை கூடும். இரண்டாவது நடந்தால் மட்டுமே தனுஷ்கோடி வழியே பாதை செல்ல வேண்டிய கட்டாயம் வரும். எதிர்க்கரையின் பக்கம் ஆயத்தமாக இருக்கிறது. போரில் அழிந்த மதவாச்சி–தலைமன்னார் பாதையை இந்தியக் கடனுதவியுடன் இந்திய ரயில்வே நிறுவனம் ஒன்றே திரும்பக் கட்டியது; 2015 மார்ச் 14 முதல் தலைமன்னார் இறங்குதுறை நிலையத்துக்கு ரயில் வந்துபோகிறது. அங்கே இறங்கும் பயணிக்கு ஏறுவதற்குக் கப்பல் இல்லை.